எடை மிஷின்: வகை, வினை, பலன்

எடை மிஷின் என்பது ரயில் நிலைய நடைமேடையில் நின்று, காசை விழுங்கி, ஏறியவரின் எடையையும் எதிர்காலத்தையும் ஒரே அட்டையில் தரும் இரும்புப் பெட்டி. இதன் மூதாதை, முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் விவரித்த தீர்த்தக் கருவி. விழுந்த காசின் பாரத்தில் நெம்புகோல் சாயும்; காசு நழுவும்வரை தண்ணீர் வரும். கோயிலில் பிறந்தது ஜோசியத்துக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. காசு போட்டு எடை பார்க்கும் கருவிக்கு 1880களில் வழி செய்தவர் பெர்சிவல் எவரிட்.

சிவப்பு வெள்ளைச் சக்கரம் நின்ற பிறகே காசு போட வேண்டும். விளக்குகள் மினுங்கும், ‘டக்’ என்று அட்டை விழும். அதில் எடையோடு பலனும் உண்டு, சிலவற்றில் சினிமா நட்சத்திரத்தின் படமும். எடையைப் பார்த்தவர் முகம் சுளிப்பார். பலனைப் படித்துவிட்டு அட்டையைச் சட்டைப்பையில் வைப்பார். விற்பனைச் சரக்கு எது என்பதற்கு இதுவே சான்று.

செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்துக்காரர் எடை மிஷினைக் காண காரைக்குடி போன்ற சந்திப்புகளுக்குத்தான் போக வேண்டும். ஊரில் புழங்கும் கருவி வேறு: ஆயாவின் கண். இதற்குக் காசு வேண்டாம், சக்கரம் நிற்கக் காத்திருக்கவும் வேண்டாம். பேரன் எத்தனை கிலோ கூடி வந்தாலும் முகப்பிலேயே, “என்னப்பு, இப்புடி எளச்சுப் போயிட்டியே!” என்ற ஒரே அளவைத்தான் காட்டும். கருவியியலில் இத்தகைய மாறாத்தன்மை அரிது. ஆயாவின் நான்கு நாள் சாப்பாட்டுச் சிகிச்சைக்குப் பின், சீப்புச்சீடையும் தேன்குழலும் நிறைந்த டின்னோடு பேரன் ஊர் திரும்புவார். டின்னைக் கையில் பிடித்தபடியே மிஷினில் ஏறிவிட்டு மிஷினைக் குறை சொல்வோர் தனி வகையினர்.

மிஷினைக் குழப்பியது காசு. 1983-இல் 6 கிராம் இருந்த ஒரு ரூபாய் நாணயம் 1992-இல் 4.85 ஆகி, 2011-இல் 3.79 கிராமாக இறங்கியது. அதே 2011 ஜூன் 30-உடன் 25 பைசாவும் செல்லாமல் போனது. பயணிகள் பருக்கப் பருக்க ரூபாய் இளைத்தது. ஆயா நாணயத்தைப் பார்த்திருந்தால், அந்த ஒருமுறை அவர் கணிப்பு கிராம் சுத்தமாகச் சரியாக இருந்திருக்கும். அளவும் எடையும் பார்த்துக் காசை அடையாளம் காணும் கருவிக்கோ ஆளே மாறிப்போனது போலத்தான்.

சான்பிரான்சிஸ்கோவில் உள்ள மியூசே மெக்கானிக் என்ற காசு இயந்திரக் காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. காசு போட்டால் பழைய இயந்திரங்கள் இன்றும் ஆடும், பாடும், சிரிக்கும். கொத்தமங்கலத்து வளவு ஒன்றில் அப்படிக் காட்சி வைப்பதானால், வாசலிலேயே பழைய காசு மாற்றித் தரும் மேசை வேண்டும். பக்கத்தில், பலகார டின்னை இறக்கி வைக்க ஒரு முக்காலி.