சந்தேகசாமி

எங்கள் தெருவில் சந்தேகசாமி வீடு என்றால் கொரியர் பையனுக்கும் தெரியும். அவருடைய நிஜப் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

காய்கறி வண்டிக்காரரின் எலக்ட்ரானிக் தராசு பூஜ்யம் காட்டும். "அந்தப் பூஜ்யம் சரிதான்னு யார் சொன்னா?" என்பார். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது தெருவே கைதட்டியது. இவர் மட்டும், "எல்லாம் கிராபிக்ஸ் தம்பி." திரையில் ஓடியதில் பெரும்பகுதி கிராபிக்ஸ்தான்; இறங்கிய லேண்டர் கிராபிக்ஸ் இல்லை. அதை அவருக்கு யார் சொல்வது?

இத்தனை சந்தேகமும் காலையில் சுகர் மெஷினை எடுத்ததும் கணக்குப் பார்த்துத்தான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் 212. உடனே ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதித் தேதி பார்ப்பார். சோப்புப் போட்டுக் கை கழுவுவார். விரலில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்தால் அளவு கூடும், வாஸ்தவம். ஆனால் அந்த ஞானம் 212 வந்த பிறகுதான் வருகிறது. அடுத்த விரல், 198. அதற்கும் அடுத்த விரல், 181. அந்த 181 மட்டும் மணிமணியான கையெழுத்தில் நோட்டில் ஏறும். முதல் குத்திலேயே 130 வந்துவிட்டால் மெஷின் தங்கமான மெஷின், கையாவது, கழுவுவதாவது!

சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எண்ணெய்த் துளிகளை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தவர் மில்லிகன். 1923-இல் நோபல் பரிசு வாங்கியவர். காற்றின் பாகுத்தன்மைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு தவறு. அதனால் விடை சற்றுக் குறைந்துபோனது. பின்னால் அளந்தவர்கள் சரியான எண்ணுக்கு ஒரேயடியாகப் போகாமல் படிப்படியாகத்தான் ஏறினார்களாம். 1974-இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் இயற்பியலாளர் ஃபைன்மன் இதைப் போட்டு உடைத்தார். மில்லிகனின் எண்ணைவிட ரொம்பக் கூடுதலாக வந்தால் எங்கே பிழை என்று துருவினார்கள். அந்த எண்ணை ஒட்டி வந்தால் அவ்வளவாகத் துருவவில்லை என்றார். அவர்கள் படித்தவர்கள், ஆய்வகத்தில் செய்தார்கள். நம்மவர் திண்ணையில் செய்கிறார்.

இந்தக் கதையை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். "மில்லிகனை நான் அப்பவே நம்பல" என்றார்.

போன மாதம் டாக்டர் ஹெச்பிஏ1சி எடுக்கச் சொல்லிவிட்டார். அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. விரல் மாற்றிக் குத்தி ஏமாற்ற முடியாது. 9.1 வந்தது. லேப் ஃபிராடு என்று சொல்லி, பஸ் ஏறிப் பக்கத்து ஊர் லேபுக்குப் போனார். அங்கே 9.2.

இரண்டு லேபுக்கும் முதலாளி ஒரே ஆள்தான் என்று இப்போது தெருவில் சொல்லி வருகிறார். அதற்கு மட்டும் அவர் ஆதாரம் கேட்கவில்லை.