மைக்கும் இல்லை, கேன்டீனும் இல்லை

மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு ஒரு கச்சேரி உண்டு. சுந்தரம் ஃபைனான்ஸ் நடத்துவது. பாடுவதும் வாசிப்பதும் இளம் பிள்ளைகள். டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது, ஒரு மணி நேரத்தில் மங்களம். என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பூங்காவுக்குப் போன பெயரும் இருக்க வேண்டும், உட்கார்ந்தும் இருக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. நான் சங்கீத ரசிகனான வரலாறு இவ்வளவுதான்.

பூங்காவுக்குப் பெயர் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கியவர். ஆரம்பத்தில் கச்சேரிகளுக்கு வந்தவர்களிடம் தைலத்தைச் சும்மா கொடுத்தே அதைப் பிரபலமாக்கினாராம். அன்று கச்சேரிக்குப் போனால் தைலம் இலவசம். இன்று அவர் பூங்காவில் கச்சேரியே இலவசம். தலைவலி மருந்து விநியோகத்துக்குக் கச்சேரியை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. நான் பாட்டோடு சேர்ந்து முனக ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்தவர் நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டார். புரிந்துவிட்டது.

சபாவில் நான் பெரிய ரசிகன். அங்கே அரை இருட்டு. எதற்குத் தலையாட்டுகிறேன் என்று யாருக்கும் தெரியாது. "என்ன ராகம்?" என்று மனைவி கேட்டால், "பைரவி சாயல் இருக்கே" என்று காதோடு சொல்லிவைப்பேன். சாயல் என்பது யாராலும் இல்லை என்று மறுக்க முடியாத விஷயம். இங்கேயோ முகத்துக்கு நேரே சூரியன். பாடகி கைக்கெட்டும் தூரத்தில். 1930களில் மைக் பரவுவதற்கு முன்னால் எல்லாக் கச்சேரியும் இப்படித்தான். வித்வான் குரலை உயர்த்த வேண்டும், ரசிகர் வாயை மூட வேண்டும். இந்தப் பழைய சம்பிரதாயத்தின் இரண்டாம் பாதிதான் எனக்குச் சிரமம். வழக்கம்போல் "பைரவி சாயல்" என்று கிசுகிசுத்தேன். வயலினை மடியில் சரிசெய்துகொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். "கமாஸ், மாமா" என்றான் தன்மையாக.

அடுத்தது தாளம். எனக்குத் தெரிந்த ஒரே தாளம் ஆதி. எந்தப் பாட்டு வந்தாலும் அதைத்தான் போடுவேன். அந்தப் பெண் எடுத்ததோ மிஸ்ர சாபு. அவளுக்கு ஏழு, எனக்கு எட்டு. என் கையைப் பார்த்தால் தன் கணக்குப் போய்விடும் என்று பயந்தோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டாள். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டேன். ஏழும் எட்டும் ஐம்பத்தாறு எண்ணிக்கைக்கு ஒரு தடவை ஒத்துப்போகும் அல்லவா? அந்த இடம் வந்தபோது தொடையில் ஓங்கி ஒரு போடு போட்டேன். பின் வரிசையில் யாரோ "பேஷ்" என்றார். எனக்கில்லை என்று தெரியும், இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் தனி ஆவர்த்தனம். சபாவில் மிருதங்கக்காரர் தனியைத் தொடங்கினால் நான் போண்டாவைத் தொடங்குவது வழக்கம். என்னைப் போன்றவர்கள் எழுந்து போவதாலேயே அதற்குத் 'தனி' என்று பெயர் வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பூங்காவில் போக்கிடம் இல்லை. வாசலில் அருகம்புல் சாறு விற்பார்கள். அதற்காக எந்தத் தமிழனும் கச்சேரியில் பாதியில் எழுந்திருக்க மாட்டான். வேறு வழியின்றி முழுவதும் கேட்டேன். மிருதங்கம் வாசித்த பொடியன் உதட்டைக் கடித்துக்கொண்டு கோர்வையைச் சரியாகக் கொண்டுவந்து இறக்கியபோது, இத்தனை மார்கழிகளில் போண்டாவுக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. போண்டாவாகவும் இருக்கலாம்.

கச்சேரி முடிந்தால் கூட்டம் கலையும் என்று நினைக்கக் கூடாது, அப்போதுதான் கூடும். ஒரு பக்கம் ஜாதகப் பரிமாற்றம். இன்னொரு பக்கம், மெட்ரோ வேலையால் எந்தத் தெரு இந்த வாரம் ஒருவழிப் பாதை என்ற விசாரணை. எங்கள் அடுக்ககத்தில் மாதக் கணக்காகப் பேசாத இருவர், தம்பூரா ஸ்ருதி சேர்ந்திருந்ததா இல்லையா என்று சண்டை போடுவதற்காகவே பேச ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "எத்தனை ரவுண்டு?"

"ஒரு வர்ணம், மூணு கீர்த்தனை, தனி."

அடுத்த மாதம் அவளும் கிளம்பிவிட்டாள். சின்ன வயதில் முறையாகப் பாட்டுக் கற்றவள். உட்காரவில்லை, பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தபடியே கேட்டாள். எடுத்த எடுப்பிலேயே ராகத்தைச் சொல்லிவிட்டாள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பல்லவி காதில் விழும், அனுபல்லவி வரும்போது அவள் எதிர்க்கோடியில் இருப்பாள், திரும்பினால் சரணம். ஆக, இப்போது ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது: ராகம் அவள் சொல்வாள், அனுபல்லவி நான் சொல்வேன். நடை அவளுடையது, கச்சேரி என்னுடையது. குடும்பக் கணக்கில் இரண்டும் நேர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான் கூட்டுக் கணக்கை ஏற்க மாட்டேன் என்கிறார்கள்.