நிறுத்திய வண்டியும் அதன் விருந்தினரும்: ஓர் ஆய்வு

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தெய்வம், உணவு, பறை, பண் என்று எல்லாவற்றையும் வகுத்து வைத்தார்கள். மலையேறப் போகிறவர் தம் காரை நிறுத்திவிட்டு மூன்று நாள் காணாமல் போகும் அந்த அடிவார மண்தரைக்கு மட்டும் திணை வகுக்காமல் விட்டுவிட்டார்கள். அன்று கார் இல்லை. எனவே அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. பின்வந்தோரைச் சொல்லலாம். இத்துறையில் வழங்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, நிறுத்திய வண்டி ஓர் உடைமை, அதற்கு வரும் கேடு திருட்டு, ஆகவே காப்பு என்றால் பூட்டு என்று கொண்டு தொடங்குகின்றன. இக்கட்டுரையின் துணிபு வேறு. அடிவாரத்தில் நிறுத்திய வண்டி ஓர் உணவுப் பண்டம். சாவியைச் சுழற்றி எடுத்த கணத்தில் அது வாகனம் என்னும் தகுதியை இழந்து, இலைபோட்டுப் பரிமாறிய விருந்தாகிவிடுகிறது. அழைப்பிதழ் இல்லாமலே விருந்தினர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு பதார்த்தத்துக்காக வருகிறார்கள். யார் எதற்கு வருகிறார் என்று அறியாமல் போடும் பூட்டு வீண்.

முதற்பந்தியில் உட்காருவது கரடி. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998ஆம் ஆண்டு மட்டும் 1,584 கரடிச் சம்பவங்கள் பதிவாயின. சேதம் ஆறரை லட்சம் டாலருக்கு மேல். கரடி பூட்டைத் தொடுவதே இல்லை. கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் நகத்தை நுழைத்துக் கீழ்நோக்கி மடக்கிவிடுகிறது. 2009இல் ஜர்னல் ஆஃப் மேமாலஜி என்னும் ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை (அது போலி அல்ல, மெய்யான ஆய்வு) 2001 முதல் 2007 வரை இப்பூங்காவில் கரடிகள் உடைத்த 908 வண்டிகளை வகைவகையாக எண்ணிப் பார்த்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் உடைபட்டவற்றில் 29 விழுக்காடு மினிவேன்கள். நின்றிருந்த வண்டிகளின் விகிதப்படி பார்த்தால் 7 விழுக்காடுதான் இருந்திருக்க வேண்டும். ஏன் இந்த ஓரவஞ்சனை? ஆய்வாளர்கள் முன்வைத்த காரணங்களுள் ஒன்று, மினிவேன் குழந்தைகள் ஏறும் வண்டி என்பது. குழந்தை ஏறிய வண்டியின் இருக்கை இடுக்கைக் கைவிட்டுத் துழாவினால் பிசுக்கேறிய உருளைக்கிழங்கு வறுவல், பாதி நக்கிய மிட்டாய், பழச்சாறு காய்ந்த கறை எல்லாம் அகப்படும். பெற்றோர் இதைக் குப்பை என்பர். கரடிக்கு அது முன்னறிவிப்பு. ‘என் வண்டியில் உணவே இல்லை’ என்று தடை எழுப்புவோருக்கு விடை இதுவே: உணவு இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது உரிமையாளர் அல்லர், மோப்பம். பற்பசையும் முகக் கிரீமும்கூட அந்தக் கணக்கில் பதார்த்தங்கள்தாம். இருட்டிய பின் காரில் உணவு வைத்திருக்கக் கூடாது என்று யோசெமிட்டி விதித்திருப்பதும், நடைபாதை தொடங்கும் இடங்களில் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை வைத்திருப்பதும் நம் துணிபுக்கு அரசாங்கமே தந்த சான்றுகள்.

கரடி உள்ளே இருப்பதைத் தின்கிறதே தவிர வண்டியைத் தின்னவில்லையே, ஆகவே வண்டி வெறும் பாத்திரம்தானே என்று நுண்ணறிவாளர் ஒருவர் மடக்கக்கூடும். நல்ல தடை. இதற்கு விடைகாண மினரல் கிங் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அதே மாநிலத்துச் சிக்வோயா தேசியப் பூங்காவின் தென்பகுதியில், நூற்றுக்கணக்கான வளைவுகள் கொண்ட நாற்பது கிலோமீட்டர் சாலையின் முடிவில் இருக்கிறது அது. 1960களில் டிஸ்னி நிறுவனம் அங்கே பனிச்சறுக்கு விடுதி கட்டத் திட்டமிட்டது. சியரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வழக்குப் போட்டது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வழக்காட சியரா கிளப்புக்குத் தகுதி இல்லை என்றது. மாறுபட்ட நீதிபதிகளுள் ஒருவரான டக்ளஸ், ஆறும் மரமும் பள்ளத்தாக்குமே தம் பெயரில் வழக்காடலாம் என்று எழுதினார். விடுதி கட்டப்படவில்லை, 1978இல் பள்ளத்தாக்கு பூங்காவோடு சேர்ந்தது. பள்ளத்தாக்குக்கு வழக்காடும் உரிமை உண்டா என்று இவ்வளவு ஆழமாக ஆராய்ந்த அந்த நாட்டில், அதே பள்ளத்தாக்கில் நிறுத்திய காருக்கு அவ்வுரிமை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதிர்வாதி மர்மாட்.

மர்மாட் அணில் குடும்பம். ஆனால் பூனையளவு பருமன். ஆண்டின் பாதிக்கு மேல் வளைக்குள் உறங்கிவிட்டு, வசந்தத்தில் எழுந்து வந்து, வண்டிகளின் அடியில் புகுந்து ரேடியேட்டர் ஹோஸையும் வயர்களையும் கடிக்கிறது. ஹோஸில் ஓடும் கூலண்ட் இனிப்பானது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, மர்மாட்டுக்கோ பாயசம். இங்கே பாத்திரமே பதார்த்தமாகிவிட்டதை நோக்குக. மலையிலிருந்து களைத்து இறங்கியவர் சாவியைத் திருகினால் வெப்பமானி முள் ஏறுகிறது, தரையில் பச்சை நீர் தேங்குகிறது. இதற்கு அங்கே கண்ட பரிகாரம் உலக மோட்டார் வரலாற்றில் ஒரு புதுமை. பெரிய தார்ப்பாய் ஒன்றைத் தரையில் விரித்து, காரை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, நாலு பக்கமும் தூக்கிப் போர்த்திக் கயிற்றால் கட்டிவிட்டுப் போகிறார்கள். வசந்த காலத்தில் அந்த இடத்தைப் பார்ப்பவருக்கு வண்டிகள் தெரியாது. நீலமும் பழுப்புமாகப் பொட்டலங்கள்தாம் தெரியும். பந்தியில் பரிமாறாமல் கட்டிவைத்த சாப்பாடு என்க.

மற்ற விருந்தினரைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கனடாவின் புகபூ மலைகளில் முள்ளம்பன்றி வருகிறது; அதற்கு உப்பு ஆசை. வியர்வை ஊறிய கோடாரிக் காம்பைக்கூட விடாத அது டயரையும் பிரேக் ஹோஸையும் கடிக்கிறது. அங்கே காரைச் சுற்றிக் கோழிக்கூண்டு வலையை வளைத்து, கல்லும் கட்டையும் முட்டுக்கொடுத்து வைக்கிறார்கள். வலை வண்டி நிறுத்தும் இடத்திலேயே கிடைக்கும். நியூசிலாந்தின் ஆர்தர்ஸ் பாஸில் கியா வருகிறது (கார் கம்பெனி அல்ல, மலைக்கிளி). அதற்குப் பசியே இல்லை. சன்னலோர ரப்பரை உரிக்கிறது, வைப்பரைப் பிய்க்கிறது, மென்று துப்பிவிட்டுப் போகிறது. விருந்து முடிந்து தாம்பூலம் போட வந்தது என்று அதை வகைப்படுத்தலாம். 1986 முதல் முழுச் சட்டப் பாதுகாப்புள்ள பறவை ஆதலால், தடியெடுத்தால் குற்றவாளி வண்டிக்காரரே.

திருடனை மறந்துவிட்டீரே என்பது வலுவான தடை. மறக்கவில்லை. விருந்துக்கு வந்து மொய்ப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறவன் அவன். அவனும் கரடியைப் போலவே, உள்ளே இருப்பதை அறியாமல் வெளிக்குறியை வைத்து முடிவெடுக்கிறான். கண்ணாடிக்கு உள்ளே ஒரு பை தெரிந்தால் போதும், பைக்குள் அழுக்குத் துணி இருந்தாலும் கண்ணாடி போய்விடும். ‘ஞாயிறு திரும்புவோம்’ என்று முன்கண்ணாடியில் சீட்டு வைப்பவர் பந்தி நேரத்தை அறிவித்தவர் ஆகிறார். அந்தச் செய்தி வீட்டாரிடம் இருக்க வேண்டும். மதிப்புள்ளவற்றை அடிவாரத்தில் வந்திறங்கி, நாலுபேர் பார்க்க டிக்கிக்குள் மாற்றுவது அதைவிட மோசம். வீட்டிலேயே மாற்றிவிடுவது முறை, வீட்டிலேயே விட்டுவருவது உத்தமம். உள்ளே ஒன்றுமில்லை, எனவே கண்ணாடியாவது பிழைக்கட்டும் என்று கதவைப் பூட்டாமல் விடுவோரும் உண்டு. திருடன் மட்டும் வாழும் உலகில் அது நல்ல கொள்கை. டாஹோ ஏரிப் பக்கத்துக் கரடிகளோ பூட்டாத கதவைப் பிடியிழுத்துத் திறக்கத் தெரிந்தவை. உள்ளே ஏறியபின் கதவு தானே சாத்திக்கொண்டால் கரடிக்கு வெளியேறத் தெரியாது. இருக்கை, கூரை, டாஷ்போர்டு எல்லாம் கிழிந்து தொங்கும். ஆகவே பூட்டுக. பூட்டு காப்பு அன்று, காப்பின் கடைசிப் பத்தி என்பதே நம் கருத்து.

வீட்டு வாசலில் நிற்கும் காரின் வயரையே எலி கடிக்கிறதே, அடிவாரத்துக்கு என்ன தனிச்சிறப்பு என்பாரும் உளர். அவர் தம்மை அறியாமல் நமக்குச் சாட்சி சொல்கிறார்: ஓடும் வண்டியை எதுவும் தின்பதில்லை, நிற்பதுதான் உணவு. அடிவாரத்தில் நெடுநேரம் நிற்கிறது, விருந்தினரும் பெரியவர்கள், வேறுபாடு அவ்வளவே. இனி எஞ்சுவது, எல்லாவற்றையும் ஒரே போர்வையில் முடித்துவிடலாமே என்னும் சோம்பேறித் தடை. முடியாது. மினரல் கிங்கில் முதலில் கோழிக்கூண்டு வலையைத்தான் சுற்றினார்கள். மர்மாட் அதைத் தாண்டக் கற்றுக்கொண்டதால்தான் தார்ப்பாய் வந்தது. கரடிக்குத் தார்ப்பாய் ஒரு பொருட்டே அல்ல. எனவே புறப்படும் முன், போகும் இடத்துப் பூங்கா அலுவலகத்தைக் கேளுங்கள்: இங்கே பந்திக்கு வருவது யார்? இருக்கைக்கு அடியில் ஒரு முறை கைவிட்டுத் துழாவுங்கள். திரும்பி வந்ததும் எஞ்சினை உயிர்ப்பிக்கும் முன் போனட்டைத் திறந்து பாருங்கள். மினரல் கிங்கிலிருந்து மர்மாட்கள் எஞ்சின் அறையிலேயே உட்கார்ந்து நெடுந்தொலைவு பயணம் போயிருக்கின்றன.