மானழைப்பு இலக்கணம்

மானை வரவழைக்கும் ஒலி ஐவகைப்படும் என்பது முந்துநூலார் கொள்கை: உறுமல், கனைத்தல், சீறல், கொம்புத் தட்டல், முழக்கம். ஆறு என்பாரும் உளர். அவர்க்கு மறுப்புப் பின்னர் வரும்.

உறுமல், பிணைமானின் பின்னே திரியும் ஆண்மானுடையது. குழாயில் ஊதினால் கிடைக்கும்.

கனைத்தல், பிணைமானுடையது. கைக்கடக்கமான ஒரு டப்பாவைக் கவிழ்த்தால் தானே கனைக்கும். முனைவர் பட்டத்துக்கு இதில் இடமில்லை.

சீறல், மிரட்டல்.

கொம்புத் தட்டலுக்குத் தாயகம் தெற்கு டெக்சாஸ். இணைசேரும் பருவத்தில் வெள்ளைவால் ஆண்மான்கள் கொம்பு கோத்து மோதும். வேட்டைக்காரர் புதரில் பதுங்கி, உதிர்ந்த கொம்புகள் இரண்டை மோதவிட்டு உரசுவார். நடுநடுவே சுள்ளியை முறிப்பார், சருகைக் காலால் கிளறுவார். சண்டை பார்க்க வரும் ஆண்மான் பெரும்பாலும் நேரே வராது. சுற்றிவந்து, காற்று தன் மூக்குக்கு வாசம் கொண்டுவரும் பக்கமாக நுழையும். மெல்லத் தட்டுவதைவிட ஓங்கித் தட்டினால் கூடுதல் மான்கள் வருகின்றன என்று 1990களில் அங்கே நடந்த கள ஆய்வு கண்டது.

எவ்வளவு ஓங்கி? இங்கேதான் உரைகாரர்கள் பிளவுபட்டனர். 'விரல் நசுங்கும் வரை' என்றார் முதல் உரைகாரர். 'யார் விரல்?' என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் காட்டையே பார்த்ததில்லை. ஆகவே அவருரை மட்டும் 40 பக்கம். அதன் விளக்கவுரைக்கு எழுந்த அடிக்குறிப்பு, கரையான் தின்றுவிட்ட ஏட்டை ஆதாரம் காட்டி, முதல் இருவரையும் மறுக்கிறது. கரையானின் கருத்து இன்னும் பதிப்பிக்கப்படவில்லை.

முழக்கத்துக்கு ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகருக்குப் போக வேண்டும். அங்கே வேட்டைக் கண்காட்சியில் செம்மான் குரலுக்கான தேசியப் போட்டி நடக்கிறது. மாட்டுக் கொம்பு, சங்கு, கண்ணாடிக் குழல், உள்ளீடற்ற செடித்தண்டு என அவரவர்க்கு ஒரு கருவி. துணை தேடும் மான் போலவும், எதிரியோடு மல்லுக்கு நிற்கும் மான் போலவும் முழங்க, நடுவர் மதிப்பெண் இடுவர். செம்மான் முழங்குவதோ செப்டம்பர், அக்டோபரில். போட்டி நடப்பது ஜனவரி, பிப்ரவரி வாக்கில், கூரைக்கடியில். அவையில் மான் கிடையாது. இம்முறையின் சிறப்பைப் பல்கலைக்கழகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை: ஆய்வுப்பொருள் கருத்தரங்குக்கு வராதவரை கட்டுரைக்கு மறுப்பு வராது.

இனி ஆறாவது. கனடாவில் மூஸ் என்னும் மானினத்தை வேட்டையாடுவோர் பூர்ச்ச மரப்பட்டைக் குழலில் குரலெழுப்பியபின், ஏரி நீரை வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவதுண்டு. பெண் மூஸ் சிறுநீர் கழிக்கிறது என்றெண்ணி ஆண் வரும். வாளி இசைக்கருவி அன்று. ஆதலின் இவ்வகை செல்லாது. மூஸ் இம்மறுப்பைப் படிக்கவில்லை.

புறனடை: தட்டல் அச்சு அசலாக அமைந்தால், அதைக் கேட்டுத் துப்பாக்கியோடு இன்னொரு வேட்டைக்காரரும் வரக்கூடும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் துப்பாக்கி வேட்டைக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பு கட்டாயம். மான் கண்ணுக்கு அந்நிறம் எடுப்பாகத் தெரியாது. வந்தவரை எவ்வகையில் அடக்குவது என்பது அடுத்த கருத்தரங்குக்கு ஒத்திவைக்கப்படுகிறது. கட்டுரையாளர்கள் ஆரஞ்சு உடுப்பில் வரவும்.