வண்ணத்தாளும் வயிற்றெரிச்சலும்: விட்பி அலுவலக அலங்காரம் குறித்த ஓர் ஆய்வு

தமிழ் ஆய்வுலகம் தொடாத பொருள் இல்லை என்பார்கள். கோயில் தேரின் அச்சிலிருந்து ஊர்ப்பெயரின் ஈறு வரைக்கும் முனைவர் பட்டம் வாங்கியாயிற்று. ஆனால் அலுவலக விருந்துக்கு முதல்நாள் மாலை கூட்ட அறை மேசைமேல் ஏறி நின்று கூரையில் கிரேப் பேப்பர் ஒட்டும் மனிதர், அந்த நேரத்தில் எந்த நாட்டு அரசியலை நினைத்துப் பல்லைக் கடிக்கிறார் என்பதை இதுவரை யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம் விட்பி. டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் பிக்கரிங், ஏஜாக்ஸ் தாண்டி வரும் ஏரிக்கரை ஊர். டுர்ஹம் வட்டாரத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. அலுவலகத்தின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது. விருந்தின் பெயர் ‘ஹவாய் மாலை’. காலம் பிப்ரவரி கடைசி வாரம். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் வழித்துக் குவித்த பனி ஆளுயரம் நிற்கிறது. உள்ளே எல்லார் கழுத்துக்கும் பிளாஸ்டிக் பூமாலை தயார். குளிர் எலும்பைக் கடிக்கும் மாதத்தில் கடற்கரையைக் கருப்பொருளாக்குவது கனடிய அலுவலகங்களின் நாட்பட்ட நோய். அதற்கு மருந்து தேடுவது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அலங்காரக் குழு அமைந்த விதமே முதல் சான்று. மேலிடம் இரண்டு பேரை நியமித்தது: மணிலாவிலிருந்து வந்த பெண் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆண் ஒருவர். இருவரும் தீவுக்காரர்கள் என்பதுதான் தகுதி. பிலிப்பைன்சில் 7,641 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கும் ஹவாய் என்று பெயரில்லை. யாழ்ப்பாணமோ தீவே இல்லை, குடாநாடு. மேலிடத்தின் பக்கம் கொஞ்சம் நியாயம் சொல்வதென்றால், 1906 முதல் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் பிலிப்பினோத் தொழிலாளரைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். இன்று அங்கே அவர்கள் பெரிய சமூகம். ஆனால் மேலிடம் அதையெல்லாம் யோசித்து நியமித்ததாகச் சான்று இல்லை.

இத்துறைக்கு இலக்கண நூல் ஏதும் இல்லாததால் ஒரு நூற்பாவை இங்கேயே இயற்ற வேண்டியிருக்கிறது:

தாள்வழி வெளிப்படும் நாட்டின் துயரம்
வாய்வழி வாரா தென்மனார் புலவர்.

இது என்ன சொல்லிற்றோ எனின், அலுவலகத்தில் அரசியல் பேச முடியாதவர் அதைக் கத்தரிக்கோலிடம் பேசுவார் என்பது சொல்லிற்று. ‘புலவர்’ என்றது யாரை என்று கேட்பது மரபன்று.

மூலப்பொருள் பற்றி ஒரு சொல். கனடாவில் இத்துறையின் மூலப்பொருள் முழுவதும் டாலராமாவில் கிடைக்கும். 1992இல் கியூபெக்கின் மாட்டேன் ஊரில் முதல் கடையைத் திறந்த நிறுவனம் அது. 2009 வரை எதை எடுத்தாலும் ஒரு டாலர் என்றிருந்தது; 2022இல் ஐந்து டாலர் வரை ஏறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆட்சிகள் மாறி விலைகள் ஏறிப் பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கும் நாடுகளிலிருந்து வந்த இருவருக்கும் இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி மையப் பொருள். அந்தப் பெண்ணிடம் ‘ஹவாய்’ என்று சொன்னபோது அவர் முகத்தில் கடற்கரை தோன்றவில்லை. விமான நிலையம் தோன்றியது. 1972இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்து நாட்டைப் பிடியில் வைத்திருந்த ஃபெர்டினண்ட் மார்கோஸ், 1986 பிப்ரவரி 25 இரவு அரண்மனையை விட்டுக் கிளம்பி, அமெரிக்க விமானத்தில் குவாம் வழியாகப் போய் இறங்கிய இடம் ஹவாய். கூடவே பெட்டி பெட்டியாக நகையும் பணமும் போயின. அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் எழுதிய பட்டியலில் புத்தம் புதிய பெசோ நோட்டுகள் மட்டும் 2 கோடியே 70 லட்சத்துக்கு மேல். 1989இல் ஹொனலுலுவில் மார்கோஸ் இறந்தார். அப்பாவோடு ஹவாய்க்குப் போனபோது மகனுக்கு வயது 28. 1991இல் குடும்பம் ஊர் திரும்பியது. 2016 நவம்பரில் அப்பாவின் உடல் வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானது. 2022இல் மகன் ஜனாதிபதியானார்.

இப்போது விருந்தின் தேதியைப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 25. நான்கு நாள் மணிலாவின் எட்சா சாலையில் மக்கள் டாங்கிகளை மறித்து நின்று மார்கோஸை விரட்டிய எழுச்சி வென்ற நாள். அதே தேதியில், அவர் ஓடிப்போன இடத்துக்கே பச்சை அட்டையில் தென்னை வெட்டச் சொன்னால் அந்தப் பெண்ணின் கை எப்படி ஓடும்? நன்றாகவே ஓடியது. அதுதான் இந்த ஆய்வின் வியப்பு.

அவர் வெட்டியது மஞ்சள் செம்பருத்தி. ஒன்றல்ல, சுவர் நிறைய. பார்பிக்யூ மூங்கில் குச்சிகளை ஐந்தாகச் சேர்த்துக் கட்டி, ஊரில் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குக்கு எலும்புக்கூடு கட்டுவதைப் போலவே கட்டி, அதன்மேல் மஞ்சள் ரிஷ்யூ பேப்பரை இழுத்து ஒட்டினார். மடிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. மேலாளர் வந்து பார்த்து, ‘ஏன் எல்லாம் மஞ்சள்?’ என்று கேட்டார். ‘ஹவாயின் மாநிலப் பூ மஞ்சள் செம்பருத்தி’ என்று பதில் வந்தது. உண்மைதான், 1988 முதல் அப்படித்தான். மேலாளர் பாராட்டிவிட்டுப் போனார்.

மற்றொரு உண்மை சொல்லப்படவில்லை. 1983 ஆகஸ்ட் 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோ நாடு திரும்பினார். அவரை வரவேற்க மணிலாவில் மரத்துக்கு மரம் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தார்கள். விமானப் படியில் இறங்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். ரிப்பன்களை யாரும் அவிழ்க்கவில்லை. அதன்பின் மணிலாவின் வணிகப் பகுதியான மகாட்டியில் நடந்ததுதான் இந்தத் துறையின் ஆதிநூல். அயாலா அவென்யூவின் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்கள், தட்டச்சாளர்கள், மேலாளர்கள் எல்லாரும் தொலைபேசிப் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைக் கிழித்து நறுக்கி, சன்னல் வழியே ஊர்வலத்தின்மேல் கொட்டினார்கள். பிளம்பர் முகவரியும் சவப்பெட்டிக் கடை முகவரியும் துண்டு துண்டாகத் தெருவில் பறந்தன. அலுவலகம், காகிதம், கத்தரிக்கோல், நாட்டுக் கவலை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடியதற்கு இதைவிட நல்ல சான்று உலக வரலாற்றில் கிடைப்பது கடினம். இரண்டரை ஆண்டில் மார்கோஸ் போய்விட்டார். அதற்குக் காகிதம் மட்டுமே காரணம் என்று இந்த ஆய்வு வாதிடவில்லை. காகிதத்தை யாரும் சேர்த்து எண்ணவில்லையே என்பதுதான் வருத்தம்.

மஞ்சள் அணிமீது அந்தப் பெண்ணுக்குப் பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. ‘மஞ்சளும் எங்களை ஏமாற்றியது’ என்பது பசை காயும் நேரத்தில் அவர் சொன்னது. நினோயின் மனைவி கோரசோன் 1986இல் ஜனாதிபதியானார். மகன் 2010இல் ஆனார். கோரசோனின் பிறந்த வீட்டுக்கே சொந்தமாக இருந்த லுயிசிட்டா கரும்புத் தோட்டத்தின் நிலப் பிரச்சினை மட்டும் தலைமுறை தாண்டியும் இழுபட்டது. ஏமாற்றம் இத்தனை அடுக்காகச் சேர்ந்தால்தான் ரிஷ்யூ பேப்பரில் இப்படிச் சுருக்கம் விழாமல் ஒட்ட முடியும் போலும்.

யாழ்ப்பாணத்தவரின் பக்கம் வருவோம். இரண்டு பேருக்கும் ஒரு தேதி பொது: 2022 மே 9. அன்று பிலிப்பைன்சில் தேர்தல். மார்கோஸின் மகன் 3 கோடியே 16 லட்சம் வாக்கு வாங்கி வென்றார், எதிர்த்து நின்ற லெனி ரொப்ரேடோவுக்கு ஒன்றரைக் கோடி. அதே நாளில் கொழும்பில் மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டு விலகி, மறுநாள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் போய் ஒதுங்கினார். ஒரு குடும்பம் வாக்குப் பெட்டி வழியாக உள்ளே வந்த அன்றே இன்னொரு குடும்பம் தெருப் போராட்டத்தால் வெளியே போகத் தொடங்கியது. ‘உங்கள் ஆட்களை எங்களுக்கும் எங்கள் ஆட்களை உங்களுக்கும் மாற்றிக்கொண்டிருக்கலாம்’ என்றார் அந்தப் பெண். ‘இரண்டு பேரையும் விட்பிக்கு அனுப்பாதவரை சரி’ என்றார் இவர்.

வாக்குரிமையிலும் வேறுபாடு உண்டு. வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோக்கள் 2003இன் சட்டப்படி வெளியிலிருந்தே வாக்களிக்கலாம். 2004 முதல் அளித்து வருகிறார்கள். இலங்கைக்கு வெளியே இருக்கும் இலங்கைக் குடிமகனுக்கு அங்கிருந்தபடி வாக்களிக்க வழியே இல்லை. வாக்குப் போட்டும் தோற்றவர், வாக்கே போட முடியாதவர் ஆகிய இருவரில் யாருடைய அலங்காரம் நேர்த்தியாக வரும்? பக்கச் சார்பின்றிச் சொன்னால் பிலிப்பினோவுடையதுதான். இவருடைய தென்னைகள் எல்லாம் ஒருபக்கம் சாய்ந்தே நின்றன.

நிறங்கள் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குழு மூன்று மதிய இடைவேளைகளை அதில்தான் கரைத்தது. பிளாஸ்டிக் பூமாலையில் பாதி அடர் இளஞ்சிவப்பு: அது ரொப்ரேடோவின் நிறம். சிவப்பும் பச்சையும் கலந்து தொங்கவிடலாம் என்றால், மகன் மார்கோஸின் சிவப்பும் அவரோடு துணை ஜனாதிபதிக்கு நின்ற சாரா டுடெர்டேயின் பச்சையும் 2022இல் கூட்டணி வைத்த நிறங்கள் அவை; 2024இல் கூட்டணி உடைந்தும் காகிதத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. (டிசம்பர் விருந்தில் இந்தப் பெண் என்ன பாடு பட்டிருப்பார் என்பது தனி ஆய்வு.) சிவப்போடு மஞ்சளைச் சேர்த்துக் கட்டினால் நவம்பர் கடைசி வாரத்து மாவீரர் நாள் யாழ்ப்பாணத் தெரு கண்முன் வந்து நிற்கும். பச்சை தனியே என்றால் ஐக்கிய தேசியக் கட்சி, நீலம் என்றால் சுதந்திரக் கட்சி. தி.மு.க.வின் கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் கணக்குப் பிரிவில் இருக்கும் தஞ்சாவூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கனடாவை நம்பலாம் என்றால் லிபரல் சிவப்பு, கன்சர்வேட்டிவ் நீலம், புதிய ஜனநாயகக் கட்சி செம்மஞ்சள் என்று மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எஞ்சியது அட்டைப்பெட்டியின் பழுப்பு. அதைச் சற்றே சிவக்கத் தீட்டினால் ராஜபக்சக்களின் குரக்கன் சால்வை.

விருந்தன்று காலையில் ஒரு விபத்து. யாழ்ப்பாணத்தவர் தென்னையில் தோற்றதை ஈடுகட்டப் பச்சை பிரிஸ்டல் போர்டில் தோரணம் செய்திருந்தார். அட்டையை நாலு விரல் அகலத்தில் கீறி, மடித்து, நுனியைச் செருகிக் குருவித்தலை எடுத்திருந்தார். குருத்தோலைக்கு அட்டை எவ்வளவு ஈடு கொடுக்குமோ அவ்வளவு கொடுத்திருந்தது. பராமரிப்பு ஊழியர் ஒருவர் உதவி செய்கிறேன் என்று அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டார். யாழ்ப்பாணத்து வழக்கில் குருவித்தலை மேலே பார்த்தால் நல்ல காரியம், கீழே பார்த்தால் இழவு. வாசலில் வந்து நின்ற இன்னொரு தமிழ் ஊழியர், ‘அண்ணை, இது பார்ட்டியோ செத்தவீடோ?’ என்று கேட்டார். யாழ்ப்பாணத்தவர் ஏணியைத் தேடி ஓட, விஷயத்தைக் கேட்டறிந்த அந்தப் பெண் தடுத்தார்.

‘ஹவாய்க்கு இதுதான் சரி. அப்படியே இருக்கட்டும்.’

இருந்தது. யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பேச மாட்டார்கள். ஒண்டாரியோவின் மனித உரிமைச் சட்டக்கோவையில் காக்கப்படும் அடிப்படைகளின் பட்டியலில் அரசியல் கருத்து இல்லை, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணங்களில்தான் வேலையிடத்தில் அதற்குப் பாதுகாப்பு. வாயை மூடிக்கொண்டு காரியம் பார்ப்பது விட்பிக்குப் புதிதுமல்ல. 1941 டிசம்பரில் விட்பிக்கும் ஓஷாவாவுக்கும் இடைப்பட்ட ஏரிக்கரைப் பண்ணையில் ‘கேம்ப் எக்ஸ்’ என்ற உளவாளிப் பயிற்சி முகாம் திறந்தது. போர் முடியும்வரை பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. மஞ்சள் செம்பருத்திகளின் இடையில் அன்று மாலை நின்று படம் எடுத்துக்கொண்டவர்களும் அந்த மரபையே காத்தார்கள்.

விருந்துக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு இந்த ஆய்வு நிற்கிறது. தீவு எதையும் கருப்பொருளாக எடுக்குமுன் அங்கே யார் ஓடிப்போனார் என்று ஒருமுறை விசாரியுங்கள். ஹவாய்க்கு மார்கோஸுக்கு முன்பே 1960இல் தென்கொரியாவின் சிங்மன் ரீ போயிருக்கிறார். மாலைதீவுக்கு 2022 ஜூலையில் இலங்கையின் கோத்தபாய ராஜபக்ச. அங்கிருந்து சிங்கப்பூர், பிறகு தாய்லாந்து. எல்பாவுக்கு நெப்போலியன் ஓடவில்லை, அனுப்பப்பட்டார். பாதுகாப்பான கருப்பொருள் என்று பரிந்துரைக்கக் கூடியது சஸ்காச்சுவான் ஒன்றுதான்: கடல் கிடையாது, எந்த ஆட்சியாளரும் அங்கே தப்பியோடியதாகச் செய்தி இல்லை, கோதுமைக் கதிரைப் பழுப்புத் தாளிலேயே வெட்டிவிடலாம். ஆனால் அந்த மாகாணக் கொடியில் மேல்பாதி பச்சை, கீழ்ப்பாதி மஞ்சள். டுடெர்டேயும் அக்கினோவும் ஒரே துணியில். முடிவெடுக்குமுன் குழுவில் பிலிப்பினோ யாராவது இருந்தால் கேட்டுவிடுங்கள்.