இழுவை வீடு வாங்கியவருக்கு

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் வீடு வாங்கியிருக்கிறான். நெடுஞ்சாலையில் வால் ஆடுகிறதாம், கழிவறை நாறுகிறதாம். வண்டியே கோளாறா?

பதில்: பெரும்பாலும் கோளாறு வண்டியில் இல்லை, சாமான் அடுக்கியதில்தான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியின் மேல் இறங்க வேண்டும். சைக்கிள், தண்ணீர் கேன் என்று பின்னால் குவித்தால் முன்பக்கம் லேசாகி, வால் தலையை ஆட்டத் தொடங்கிவிடும். கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால் போகட்டும். ஆட்டம் வந்தால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்கச் சொல்லுங்கள்.

நாற்றமா? முகாமில் குழாயை மாட்டியதும் கழிவுத்தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டிருப்பான். தண்ணீர் ஓடிவிடும், மற்றது உள்ளேயே குன்றாகக் குந்திவிடும். தொட்டி முக்கால்வாசி நிறையும்வரை மூடிவைத்து, பிறகு ஒரே மூச்சில் திறக்கட்டும். கழிவறையில் தண்ணீர்ச் சிக்கனம் வேண்டாம்.

சக்கர நட்டுகளையும் முதல் 80 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் அவை தளரக்கூடும்.