அசல்காரர்

பட்டணம் போய் வருகிறவர் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்பது வடாற்காட்டுப் பக்கத்தின் எழுதாத சட்டம். பழைய தலைமுறை இந்தச் சட்டத்துக்குச் சிரமமில்லாமல் கட்டுப்பட்டது. ஒரு பொட்டலம் மிக்சர், ஒரு பிஸ்கட் பாக்கெட், பிள்ளைக்கு ஒரு ஊதல், அதோடு கணக்குத் தீர்ந்தது. "என்னா வாங்கினு வந்த?" என்று கேட்டவர்களும் பொட்டலத்தைப் பிரித்தார்களே தவிர, அதன் பூர்வீகத்தை விசாரிக்கவில்லை. திருப்பத்தூரில் இப்போது இன்னொரு வகை மனிதர் தலையெடுத்திருக்கிறார். அவரை அசல்காரர் என்று வைத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து ஊர் மாவட்டத் தலைநகரானதில் அவருடைய ரசனைக்கும் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இருட்டோடு ஜோலார்பேட்டையில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்குப் போய், மாலையில் அதே ரயிலில் திரும்புகிற அவர், நடுவில் கிடைக்கும் பகல் முழுவதையும் ஒரே ஒரு பொருளைத் தேடுவதில் செலவழிப்பார். அந்தப் பொருள் சென்னைக்கே உரியதாக இருக்க வேண்டும். கண்ணை உறுத்தாத அடக்கம் வேண்டும். வேறெங்கும் கிடைக்கக் கூடாது. கடையில் எதை எடுத்தாலும் முதலில் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது மெஷின்ல செஞ்சதா, கையில செஞ்சதா?" என்பார். கலங்கரை விளக்கம் தொங்கும் சாவிக்கொத்தும், சென்ட்ரல் ஸ்டேஷன் ஒட்டிய ஃபிரிட்ஜ் காந்தமும் அவருக்கு ஆகாது. 'ஐ லவ் சென்னை' என்று எழுதிய டீ-சர்ட் அதைவிட ஆகாது. அது திருப்பூரில் தைத்தது. திருப்பத்தூர் என்று சொன்னதும் "பனியன் ஊரா?" என்று கேட்பவர்களிடமும், அதற்குத் தப்பினால் "சிவகங்கைப் பக்கமா?" என்று கேட்பவர்களிடமும் வாழ்நாள் முழுக்க விளக்கம் சொல்லிக் களைத்தவர் அவர்.

இத்தனை சல்லடையில் சலித்து அவர் கொண்டுவந்து இறக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஒருமுறை பெரிய மால் ஒன்றில், ஆங்கிலப் பெயர் பொறித்த தோல் ஷூ வாங்குவார். அந்தச் சோடி அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தைக்கப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் தோல் காலணிகளில் இந்த வட்டாரத்துப் பங்கு பெரிது. இன்னொரு முறை இயற்கை அங்காடியில் பழுப்புக் காகிதப் பையும் சணல் முடிச்சுமாக அரைக்கிலோ சாமை. விலையைப் பார்த்து அவர் மனம் நிறையும், இத்தனை விலைக்கு விற்பது அசலாகத்தானே இருக்கும். பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஜவ்வாது மலை என்று இருப்பதை வீட்டம்மாதான் படித்துக் காட்டுவார். புதூர்நாட்டிலிருந்தும் நெல்லிவாசல்நாட்டிலிருந்தும் இறங்கி வருகிற அதே சாமை, அதே தேன், அதே புளி. பேரனுக்கு ஒரு விளையாட்டுத் தொலைநோக்கி வரும். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் நிற்பது அதே ஜவ்வாது மலையின் காவலூரில். பெங்களூர் போனால் சந்தன சோப்பு வாங்காமல் திரும்ப மாட்டார். சந்தன மரத்துக்குப் பேர்போன அரசுக் கிடங்கு இருப்பது திருப்பத்தூரில். ஒரே நாளில் போய் வருகிற அவசரத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சென்னையில் பார்சல் கட்டிக்கொண்டு ரயிலேறுவாரே, அந்தப் பிரியாணியின் பெயரைச் சொல்லவும் வேண்டுமா? ரயில் ஆம்பூரைத் தாண்டும்போதுதான் பொட்டலம் பிரியும்.

இதை வைத்து அவரை அசடு என்று முடிவு கட்டினால் அது நியாயமாகாது. தவறு அவர் தேடும் முறையில் இல்லை, தேடும் இடத்தில் இருக்கிறது. பெருநகரம் என்பது பொருள் விளைகிற இடமன்று, வந்து சேர்கிற இடம். வயல் நெல்லைத் தரும், தறி துணியைத் தரும். நகரம் தருவது இரண்டையும் அடுக்கி வைத்த அலமாரியை. அண்ணா சாலையில் பூம்புகார் விற்பனை நிலையத்துக்குள் நுழைந்து பாருங்கள். வெண்கலச் சிலை சுவாமிமலையுடையது, தலையாட்டி பொம்மையும் கண்ணாடி பதித்த ஓவியமும் தஞ்சாவூருடையவை. கோ-ஆப்டெக்ஸில் பட்டு காஞ்சிபுரத்திலிருந்து, சுங்குடி மதுரையிலிருந்து. பலகாரக் கடைக்குப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா. சென்னை என்ற பெயர் அங்கே விலைச்சீட்டில் அச்சடித்த முகவரியில் மட்டும் இருக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு பொருள் இன்ன ஊருக்குத்தான் உரியது என்று இந்தியா முழுமைக்கும் சான்றிதழ் தருகிற புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இயங்குகிறது. 1999-இல் நிறைவேறிய சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, டார்ஜிலிங் தேயிலை தொடங்கி எல்லா ஊர்ச் சரக்கும் 'அசல்' பட்டம் வாங்கச் சென்னைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அசலைத் தேடி அசல்காரர் சரியான நகரத்துக்குத்தான் போகிறார் என்று ஒரு கணக்கில் சொல்லலாம். சான்றிதழை மட்டும் பொட்டலம் கட்டிக் கொண்டுவர முடியாது.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். மெட்ராஸ் கட்டம் இல்லையா, உலகம் முழுதும் அந்த ஊர்ப் பெயராலேயே கூப்பிடுகிற துணியாயிற்றே என்பார்கள். வலுவான ஆட்சேபம், ஒப்புக்கொள்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி 1734-இல் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம்தான் சிந்தாதிரிப்பேட்டை; சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். துணியை வெளுத்தவர்கள் வண்ணாரப்பேட்டையில் இருந்தார்கள். ஆக ஒரு காலத்தில் சென்னைக்கும் சொந்தச் சரக்கு இருந்தது. ஆனால் அசல்காரர் இன்று சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கித் தறியைத் தேடினால் மீன் மார்க்கெட்டில்தான் போய் நிற்பார். கட்டத்துணி நகரத்தை விட்டு ஊர்ப்புறத் தறிகளுக்குப் போய் நெடுங்காலமாயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பெயரின் பின்கதையும் அசல்காரர் கவனிக்க வேண்டியது. 1958-இல் இந்தத் துணி பெரிய அளவில் அமெரிக்காவுக்குப் போனது. துவைக்கும் முறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார்கள். சாயம் போயிற்று, வாங்கியவர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் அசரவில்லை. சாயம் போகும் என்று நாங்கள் உத்தரவாதம் தருகிறோம், போனால்தான் அசல் என்று அச்சிட்டார்கள். துணி பிய்த்துக்கொண்டு விற்றது. அசல் என்ற சொல் எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நம் சந்தையில் அதே துணி சாயம் போனால் கடைக்காரர் சட்டையைப் பிடிப்போம்.

பெங்களூர்ப் பக்கமிருந்து இன்னொரு ஆட்சேபம் வரும். முதல் உலகப் போரில் கப்பல் நின்று சந்தனக் கட்டை தேங்கிப்போனதால், 1916-இல் மைசூர் சமஸ்தானம் எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. சோப்பு ஆலையைப் பெங்களூரில் வைத்தது. மைசூர் சாண்டல் சோப்பு நிஜமாகவே அந்த நகரத்தில் செய்கிற பண்டம்தான். ஆனால் அட்டையில் மைசூர் என்றல்லவா போட்டிருக்கிறது! நகரத்தில் செய்தது வேறூர்ப் பெயரில் வருகிறது, வேறூரில் நெய்தது நகரத்தின் பெயரில் வருகிறது. அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பார்க்கிற மனிதர் இதில் எதை நம்புவார்?

அவர் கைவினைஞருக்குத்தானே காசு கொடுக்கிறார், பிளாஸ்டிக் குப்பை வாங்கவில்லையே, இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமே இல்லை. சுவாமிமலைச் சிலையைச் சென்னையில் வாங்கினாலும் சுவாமிமலைக்காரர் வீட்டில் அடுப்பு எரியும், அதற்காக அவரைப் பாராட்டவும் செய்யலாம். தொல்லை, பொருள் கைமாறுகிற நேரத்தில் தொடங்குகிறது. பழைய ஆள் பொட்டலத்தை நீட்டிவிட்டுத் தண்ணி குடிக்கப் போவார். இவர் நீட்டிவிட்டு உட்காருவார். எந்தக் கடை, எத்தனை கடை ஏறி இறங்கினார், இன்னொன்று ஏன் போலி, இது ஏன் அசல் என்று உரை நடக்கும். வாங்கிக்கொண்டவர் கடைசிவரை கேட்டுத் தலையாட்ட வேண்டும். கூடவே அந்தத் தஞ்சாவூர்ப் பொம்மையும் ஆடும். கொழுந்தியாளுக்குத் தேவைப்பட்டதோ தி. நகர் ரங்கநாதன் தெருவில் கொத்தாகக் கிடைக்கும் ஹேர்கிளிப். மாமியார் சொல்லி அனுப்பியது ஒரு இடியாப்பக் குழல். அவர்கள் கேட்டதில்தான் நகரத்தின் நிஜமான சாமர்த்தியம் இருக்கிறது: எங்கெங்கோ செய்ததை மலைமலையாகக் குவித்து, தள்ளுமுள்ளில் மலிவாகக் கொடுப்பது. அசல்காரருக்கு அந்தத் தெரு ரசனைக்கு ஒவ்வாது, கூட்டமும் ஆகாது.

இந்த நோய் எங்கள் பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஏலகிரிக்குக் கார் காராக ஏறுகிறவர்களில் பாதிப்பேர் அசல்காரரின் நகரத்து உறவினர்கள். மலையில் விற்கும் சாக்லேட்டையும் யூகலிப்டஸ் எண்ணெயையும் ஊர் விசேஷம் என்று கட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஏலகிரியில் எந்தப் பலாப்பழத்தைக் காட்டினாலும் மூக்கைச் சுளித்து, "வண்டியெல்லாம் நாறும்" என்பார்கள்.

சென்னையில் நிஜமாகவே உருவாகும் பொருள்கள் இல்லாமலில்லை. அவை அசல்காரரின் கண்ணில் படாத இடங்களில் இருக்கின்றன. பாம்புப் பஞ்சாங்கம் சென்னையில் அச்சாகிறது, அட்டையிலேயே 'அசல்' என்று போட்டுத்தான் வருகிறது. திருப்பத்தூரில் நாட்டு மருந்துக் கடைக் கம்பியில் தொங்குவதால் அவருக்கு அது அசலாகத் தெரிவதில்லை. புல்லட் மோட்டார் சைக்கிள் 1955 முதல் திருவொற்றியூரில் உருவானது; பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. அதே 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தார்கள். நாட்டின் தண்டவாளங்களில் ஓடும் பெட்டிகளில் ஏராளமானவை அங்கே பிறந்தவை. தயாரித்த இடம் ஐ.சி.எஃப். என்று பொறித்த பெட்டி எதுவானாலும் அது சென்னையில், சென்னைத் தொழிலாளர் கையால் ஆனது. அசல்காரர் தலையாட்டி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, அப்படி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துதான் வீடு திரும்புகிறார். ஜோலார்பேட்டையில் இறங்கியதும் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். வண்டி விடியற்காலையில் சென்னைக்குத் திரும்பிவிடும்.